கலியபெருமாள் கடையில் நகலெடுத்த வினாப்புத்தகம்

தில்லைநாயகிக்கு முப்பத்தைந்து வயது நிறைய நாற்பத்தொரு நாள் பாக்கி இருந்தபோது, அந்த வயதைத் தாண்டிவிட்டால் எந்த நிரந்தர வேலைக்கும் அவள் பெயரைக்கூட எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்பது நெடுவாய்க்கால் முழுக்கத் தெரிந்திருந்தபோது, அவள் நான்கு விதமான படிப்புச் சாமான்களை ஒரு மஞ்சள் பையில் சுமந்துகொண்டு கடைத்தெருவில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, இதில் எதைப் படித்தால் பாஸ் பண்ணலாம் என்று என்னைக் கேட்டாள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தாறு மார்க் வாங்கியவன். ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் யார் எதைப் படித்தாலும் அது என் மெஷின் கண்ணாடியில் ஒருமுறை குப்புறப் படுத்து எழுந்துதான் போக வேண்டும் என்பதால், எந்தப் புத்தகம் கரையேற்றும் எந்தப் புத்தகம் கவிழ்க்கும் என்று அட்டையைத் தொட்டே கலியபெருமாள் சொல்லிவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

அவள் எழுதவிருந்த பரீட்சை, தகவல் பாதுகாப்பில் முதல் படிச் சான்றிதழுக்கானது. கம்ப்யூட்டரிலும் போனிலும் கிடக்கிற நம்முடைய சமாசாரங்களைக் கண்டவன் வந்து அள்ளிக்கொண்டு போகாமல் காப்பது எப்படி என்று கேட்பார்கள். தில்லை இ-சேவை மையத்தில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர். அவள் மவுஸைத் தொடாமல் இந்த ஊரில் ஒரு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழோ ஒரு கிழவருக்கு ஓய்வூதியமோ வந்ததில்லை. கூட்டுறவு சங்கத் தலைமை அலுவலகத்தில் அந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு இடம் விழுந்திருந்தது. போன வருஷம் அவள் ஒருமுறை எழுதித் தோற்றிருந்தாள், இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று அவளுக்கு இல்லை.

பையிலிருந்து முதலில் வந்தது தொள்ளாயிரம் பக்கத் தடிப் புத்தகம். போன வருஷம் அவளைத் தோற்கடித்தது அதுதான், இருபதாம் பக்கத்துக்கு மேல் அதில் மனிதர் நடமாட்டமே இல்லை என்றாள். இரண்டாவது, பென் டிரைவில் வீடியோ பாடம். அதில் பேசுகிறவர் மீன் ஏலம் விடுகிற வேகத்தில் பேசினார், நிறுத்தி நிறுத்திக் கேட்டால் ஒரு பாடத்துக்கு ஒரு நாள் ஆனது. மூன்றாவது, ஏதோ போன் குழுவில் வந்த கேள்விகளின் கட்டு; பரீட்சையிலிருந்து களவாடியது, அப்படியே வரும் என்று அனுப்பியவர்கள் சத்தியம் பண்ணியிருந்தார்கள். நான் அதையே எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், திருட்டைத் தடுக்கிற வேலைக்குத் திருடின கேள்வியைப் படித்துவிட்டா போவது என்று அவளே கேட்டுவிட்டு அதைப் பைக்குள் போட்டாள். நான்காவது, பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு மாதிரி வினாப்புத்தகம். இருநூற்று நாற்பது கேள்விகள், பக்கத்துக்கு ஒன்று, கீழே நான்கு விடைகள், எழுதியவர் பெயர் இல்லை.

நான் நான்காவதைத்தான் காட்டினேன். இதிலே ஞானம் ஒன்றும் இல்லை. அதுதான் மெஷினில் சமமாகப் படுக்கும், அவ்வளவுதான். அதன் முதுகுத் தையல் விட்டுப்போய் ஏடு ஏடாகக் கழன்று வந்ததால், நகல் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுங்கள் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். முதல் பக்கத்தை வைத்து மூடி பச்சைப் பொத்தானை அழுத்தினேன், வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தது, மூடியைத் திறந்தால் அந்தப் பக்கம் சலவை வேட்டிபோல் வெள்ளையாகக் கிடந்தது. சரி, எழுத்து நகலுக்குப் போய்விட்டது என்று நகலை எடுத்துப் பார்த்தேன். போயிருந்தது, ஆனால் போன வழியில் கொஞ்சம் மாறியிருந்தது.

புத்தகத்தில் 'ஒரு நிறுவனத்தின் ஊழியர்' என்று இருந்த இடத்தில், நகலில் இப்படி இருந்தது: 'கேள்வி 1. நெடுவாய்க்கால் கடைத்தெருவில் நகல் கடை வைத்திருக்கும் கலியபெருமாள், சரியாக விழாத ஆதார் அட்டை நகல்களையும் பாஸ்புத்தக நகல்களையும் கட்டாகக் கட்டி, பொட்டலம் மடிக்கப் பக்கத்து வடைக் கடைக்குக் கொடுக்கிறார். இதில் அவர் முதலில் செய்ய வேண்டியது எது?' கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள்.

நான் டோனரை மாற்றிப் பார்த்தேன். கும்பகோணத்திலிருந்து மெஷின் பழுது பார்ப்பவர் வந்து டிரம்மைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, ஈரக்காற்று அடிக்கிற மாசத்தில் சில மெஷின் இப்படிச் செய்யும், ஆனி பிறந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனார். ஆனி வரை தில்லைக்குப் பொறுக்காது. ஆகவே நான் இருநூற்று நாற்பது பக்கத்தையும் வரிசையாக எடுத்துத் தள்ளினேன்; பழைய புத்தகம் ஏடு ஏடாக வெளுத்துக்கொண்டே போனது, நகலில் எங்கள் ஊர் தெருத் தெருவாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் ரகசிய எண்ணை மார்க்கரில் எழுதிவைத்த தபால்காரர் இருந்தார். பிள்ளையார் கோயில் சந்து இருந்தது. அங்கே இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை, புதிதாகக் குடிவருகிறவர்கள் சிரமப்படக்கூடாது என்று அதன் பாஸ்வேர்டை முனைக் கரண்டுக் கம்பத்தில் பெயிண்டால் எழுதிவைத்திருந்தார்கள். மின்வாரிய அலுவலகம் மட்டும் மூன்று பக்கங்களை அடைத்துக்கொண்டிருந்தது.

அன்று நான் வடைக் கடைக்குக் காகிதம் கொடுக்கவில்லை. கட்டுக்களை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினேன், கொளுத்திவிட்டு வந்து, ஸ்பைரல் போட்ட நகல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் கேள்வியும் இல்லை, விடையும் இல்லை, என் பெயரும் இல்லை. தாள் மட்டும் அப்போதுதான் மெஷினிலிருந்து வந்ததுபோல் சுடச்சுட இருந்தது. தில்லை அதன்மேல் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் எடுக்காமல் நின்றாள். நானும் வைத்துப் பார்த்தேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஊருக்குத் தெரிய ஒரு வேளை ஆனது. முதலில் தபால்காரர் வந்து தன் பக்கத்தைப் படித்தார், படித்துவிட்டு யாரையும் திட்டாமல் எண்ணை மாற்றிக்கொண்டார். பக்கம் வெளுத்தது, அவரும் கை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டவர்போல் மெதுவாக எடுத்தார். பிறகு வரிசை நின்றது. வெற்றிலை பாக்கோடு வந்தவர்கள் உண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு. 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற ஊர், 'நீங்க எத்தனாவது கேள்வி' என்று கேட்கத் தொடங்கியது. சின்ன எண் வந்தவர்களுக்கு ஒரு மிதப்பு, பெரிய எண் வந்தவர்களுக்கு ஒரு மனக்குறை. மேலத்தெருவில் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வீட்டார் புத்தகத்தில் வந்த குடும்பமா என்று விசாரித்து, வந்து வெளுத்த குடும்பம் என்று தெரிந்த பிறகுதான் காபியைக் கையில் வாங்கினார்கள்.

ரைஸ் மில் சிங்காரவேலு இருநூற்று நாற்பது பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினார், அவர் பெயர் இல்லை. இந்த ஊரில் கும்பாபிஷேகக் கல்வெட்டிலிருந்து கபடிப் போட்டி நோட்டீஸ் வரை அவர் பெயர் இல்லாத இடம் கிடையாது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனவர், மில் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மில்லின் பெயராகவே மாற்றி, அதைக் கணக்குப்பிள்ளையிடம் தெருவில் நின்று உரக்கச் சொல்லி, மறுநாள் காலை முதல் ஆளாக வந்து புத்தகத்தைத் திறந்தார். தபால்காரர் வெளுத்துவைத்திருந்த பக்கத்தில் அவர் வந்திருந்தார். அன்று கடைத்தெரு முழுக்க அவர் செலவில் ஜிலேபி. தில்லைதான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சி மறுபடியும் மாற்ற வைத்தாள், போவதற்கு முன்னால் அவர் தன் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார், அந்தப் படத்திலும் மறுநாள் வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்ததாம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தில்லை படித்தாள். போன வருஷம் எதுவும் மண்டையில் நிற்காமல் அழுதவள், இப்போது ஒரு பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், காரணத்தோடு சொன்னாள். ஏனென்றால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முகம் இருந்தது, ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலில் கட்டிக்கிடக்கிற ஆடு உட்பட அவளுக்குத் தெரியும். ஆனால் பரீட்சை என்பது ஒருமுறை படித்துப் போகிற காரியம் அல்ல, மூன்று முறையாவது புரட்ட வேண்டும், புரட்டலாம் என்று திரும்பிப் போனால் பக்கம் வெள்ளையாக இருந்தது. நோட்டில் எழுதிவைத்ததும் அதே நாளில் வெளுத்தது. நான் நகலுக்கு நகல் எடுத்துப் பார்த்தேன், மெஷின் என்னை மதிக்கவே இல்லை, வெள்ளைத் தாளையே தள்ளியது. பத்தாம் நாள் அவள் உட்கார்ந்து எண்ணினாள். எண்பத்தெட்டுப் பக்கம் போய், நூற்றைம்பத்திரண்டு இருந்தது. பரீட்சைக்கு இருபது நாளுக்கு மேல் இருந்தது, இந்தக் கணக்கில் போனால் அன்றைக்கு அவள் கையில் கம்பிச் சுருள்தான் மிஞ்சும்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது, ஆனால் சொன்னவன் நான்தான், அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

"பரீட்சை முடியற வரைக்கும் யாருக்கும் காட்டாதம்மா. வருஷக்கணக்கா தொறந்து கெடந்த கதவு, இன்னும் இருபது நாள் தொறந்து கெடந்தா என்ன ஆயிடும்? முடிஞ்ச மறுநாள் நானே வீடு வீடா வந்து சொல்றேன்."

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்துகொண்டு சும்மா இருப்பது சரியா என்றாள். ஒன்பது வருஷமாக ஊருக்கு உழைத்தவளுக்கு ஊர் இருபது நாள் கொடுக்கக்கூடாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்படிக் கேட்டது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புத்தகத்தை ஒரு பழைய புடவையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள், நான் கடை வாசலில் 'புத்தகம் பைண்டிங்கில் உள்ளது' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பைண்டிங் என்றால் எத்தனை நாளானாலும் ஆகும் என்று தெரியும், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த பதினோரு நாளும் அவள் படித்த படிப்பை என்னவென்று சொல்வது. மாலையில் கடைக்கு வருவாள், நான் எண்ணைச் சொல்வேன், அவள் பெயரையும் தெருவையும் ஓட்டையையும் அதை அடைக்கிற முறையையும் மடமடவென்று சொல்வாள். முகம் தெளிந்துவிட்டது, நடையே மாறிவிட்டது. அந்த வேலை கிடைத்துவிட்டது என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோன பன்னிரண்டாம் நாள் காலை புத்தகத்தைத் திறந்தபோது நூற்றுப்பதினேழாம் பக்கம் கறுப்பாக இருந்தது. மூடியைத் திறந்துவைத்தபடி நகல் எடுத்தால் மெஷின் ஒரு தாளைக் கக்குமே, ஓரம் வரைக்கும் மை அப்பிய தாள், அதே கறுப்பு. தொட்டால் ஜில்லென்று இருந்தது என்று சொல்லிக்கொண்டே என் கடைக்கு ஓடிவந்தாள். வந்தவளுக்கு நூற்றுப்பதினேழு யார் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அவளுக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற மரகதம்.

மரகதத்தின் புருஷன் மினி பஸ் கண்டக்டராக இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டி அனுப்பப் பொறுமை கிடையாது, எதுவானாலும் போனில் குரலாகப் பேசி அனுப்புவார். கொத்தமல்லி வாங்கணுமா, பஸ் லேட்டு, மாத்திரை போட்டியா. அப்படி நானூறோ ஐந்நூறோ துண்டு துண்டான குரல்கள் மரகதத்தின் போனில் இருந்தன, அவர் போன பிறகு அவள் காய் நறுக்கும்போது அவற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டே நறுக்குவாள், சத்துணவுப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் குரல் பழக்கம். முந்தின நாள் போன் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான், சிம் கட்டாகிவிடும் என்றிருக்கிறான், ஒரு லிங்க்கை அனுப்பி அழுத்தச் சொல்லியிருக்கிறான், அவள் அழுத்தினாள். சாயங்காலத்துக்குள் போனில் ஒன்றும் இல்லை. வேறு எங்கும் அவள் அந்தக் குரல்களைச் சேமித்து வைக்கவும் இல்லை. நூற்றுப்பதினேழாம் கேள்வி அதையேதான் கேட்டிருந்தது, ஒரு வார்த்தை பிசகாமல்.

நாங்கள் இருவரும் சத்துணவுக் கூடத்துக்குப் போனோம். மரகதம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கூடம் அமைதியாக இருந்தது. தில்லை எதையும் சுற்றி வளைக்காமல், எனக்கு இது முன்னாடியே தெரியும் அக்கா என்று சொல்லிவிட்டாள். மரகதம் கையை நிறுத்தவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினோரு நாளா."

மரகதம் நறுக்கின காயைத் தண்ணீரில் தள்ளினாள். இன்னொரு காயை எடுத்தாள்.

"பரீட்சை எப்ப?"

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை."

"நல்லா எழுது" என்றாள் மரகதம். அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னாள், அதனால்தான் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் தில்லை அழுதாள், நான் அழக்கூட லாயக்கில்லாதவனாகப் பின்னால் நடந்தேன்.

கடை வாசலுக்கு வந்ததும் அவள் அந்த அட்டையைக் கழற்றி எறிந்தாள். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது, புத்தகத்தில் நூற்றைம்பத்தொரு கதவுகள் திறந்து கிடந்தன. படிக்க நேரம் வேண்டுமே என்று நான் ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். காலையில் மேலத்தெரு, மாலையில் கீழத்தெரு, நடுவில் அவள் இ-சேவைக்குப் போய்வருவாள். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள், சில வீட்டில் எங்கள் போன் எங்கள் இஷ்டம் என்றார்கள், அந்த வீட்டுக்கு மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். அவள் வாசலில் நின்று ஓட்டை எது, ஏன் ஓட்டை, எப்படி அடைப்பது என்று சொல்வாள். உள்ளே போய் அவர்கள் மாற்றிக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருக்கும் புத்தகத்தில் ஒரு தாள் சூடாகும், எந்தத் தாள் என்று பார்க்காமலே எனக்கு விரலில் தெரியும். கடைசி இரண்டு நாள் புத்தகம் முழுக்கக் கதகதவென்று இருந்தது, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தால் உயிருள்ள எதையோ தூக்கிக்கொண்டு போவதாகத்தான் தோன்றியது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். புதன்கிழமை அந்தி சாய்வதற்குள் எல்லாம் வெளுத்துவிட்டது. இருநூற்று முப்பத்தொன்பது வெள்ளைத் தாள்களும் ஒரு கறுப்புத் தாளும், அவ்வளவுதான் அவள் கையில் இருந்த படிப்பு. கடைசி நாள் வியாழக்கிழமை, அதையும் அவள் மரகதத்தோடு உட்கார்ந்து, அந்தக் குரல்கள் வேறு யாருக்காவது தவறிப்போய் அனுப்பப்பட்டிருக்குமா என்று தேடிக் கழித்தாள். மினி பஸ் டிரைவரின் போனில் ஒன்று கிடைத்தது. 'அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்' என்று அவர் சொல்கிற ஒன்று.

வெள்ளிக்கிழமை திருச்சியில் பரீட்சை. நானும் போனேன். போனை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும், பேனா கிடையாது, எழுதிப் பார்க்கக் காகிதம் கிடையாது, கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நூறு கேள்விகள், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, முன்னாடியே முடித்தவர்கள் முன்னாடியே வரலாம், முடிவை அங்கேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணியிலிருந்தே ஆட்கள் வெளியே வந்தார்கள், வந்தவர்கள் பலர் யாரோடும் பேசாமல் பெட்டகத்துக்கு ஓடினார்கள். பாவம், வீட்டுக்குச் சொல்லும் அவசரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தில்லை பன்னிரண்டு அடித்துத்தான் வந்தாள். உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. என்ன ஆச்சு என்றேன், கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பாஸா என்றேன், மடித்த தாளை என்னிடம் நீட்டிவிட்டு முணுமுணுத்தபடியே பெட்டகப் பக்கம் நடந்தாள். நான் தாளைப் பிரித்தேன். தேறியிருந்தாள், வேண்டியதற்கு மேல் மூன்றே மார்க், ஆனால் தேறியிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னாலேயே ஓடி, "தில்லை, பாஸும்மா, பாஸ்" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், உதடு நிற்கவில்லை. அப்போதுதான் அது என்னவென்று எனக்குக் கேட்டது. அவள் பத்து இலக்கங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை வாங்கி அந்தப் பத்தையும் அழுத்திய பிறகுதான் மூச்சு விட்டாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே எனக்குச் சொன்னாள். தொண்ணூற்றெட்டுக் கேள்விகள் 'ஒரு ஊழியர்', 'ஒரு நிறுவனம்' என்றே வந்தனவாம். அவற்றைப் பார்த்ததும் எங்கள் ஊர் வாசல்கள் வரிசையாக வந்து நின்றனவாம். தொண்ணூற்றொன்பதாம் கேள்வியில் பெயர் இருந்தது. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் மேலப்பனையடியில் தையல் கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள், கடைப் பலகையில் எழுதியிருக்கும் தன் போன் எண்ணையே எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார். எண்ணும் கேள்வியிலேயே இருந்தது. அவர் முதலில் செய்ய வேண்டியது எது? நான்கு விடைகளில் சரியானதை அவள் தொட்டாள். தொட்டும் அந்த அம்மாளின் கதவு திறந்துதானே கிடக்கிறது, அதை யார் போய்ச் சொல்வது? நூறாவது கேள்வியை அவள் படிக்கவே இல்லையாம். கண்ணை மூடி எதையோ தொட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் எண்ணை மனப்பாடம் பண்ணியிருக்கிறாள்.

மறுமுனையில் எடுத்தார்கள். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நானும் கேட்கட்டும் என்று தில்லை சத்தத்தைக் கூட்டினாள், ஒன்பது நாளாக நூற்றைம்பது வாசலில் பழகிய குரலில் ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்க பேச்சியம்மாளா? என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்க எனக்கு எதையும் சொல்ல வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேட்டுட்டு வச்சிடுங்க. உங்க கடைப் பலகையில இருக்கிற நம்பர்…"

மெஷின் நின்றது.

"நீயும் பரீட்ச எழுதுன பிள்ளையா?" என்றது அந்தக் குரல்.

"ஆமாம்மா" என்றாள் தில்லை.

"பதினோரு மணியிலருந்து தச்சு முடியல தாயி. கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன், சேலத்துல இருந்து ஒரு அம்மா, நாகர்கோயில்ல இருந்து ஒரு பிள்ள, அது அழுதுகிட்டே பேசுது. மொத ரெண்டு பேர நான் நம்பல, வஞ்சுட்டு வச்சுட்டேன். மூணாவது ஆளும் அதையே சொல்லவும் உக்காந்து மாத்திட்டேன். எல்லாத்தையும் மாத்திட்டேன், ஒண்ணு ஒண்ணா, வேற வேறயா. பலகையையும் எறக்கி வச்சுட்டேன். நீ கவலப்படாத."

தில்லை நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள், கண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களைச் சுற்றி, பெட்டகத்திலிருந்து போனை வாங்கிய ஒவ்வொருவரும் வெயிலில் ஆங்காங்கே நின்று, உதடு அசைய அசைய எதையோ அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை பேரும்மா கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள் தில்லை.

"நோட்டுல கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றார் பேச்சியம்மாள். "நீ நாப்பத்தேழாவது. பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்… இரு தாயி, இன்னொருத்தர் கூப்பிடுறாக."